துளையா, தொலைத்தொடுகோடா: காரணிப்படுத்துவதா, எண் போட்டுப் பார்ப்பதா?

எடுத்துக்காட்டு: (𝑥² − 𝑥 − 2)/(𝑥² − 4). கீழே உள்ள பகுதி 𝑥 = 2, 𝑥 = −2 இரண்டிலும் பூச்சியமாகிறது. அப்படிப்பட்ட இடத்தில் வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் விடுபட்டால் அது துளை; வரைபடம் ஒரு நேர்கோட்டை நெருங்கியபடி எல்லையின்றி மேலோ கீழோ போனால் அந்தக் கோடு செங்குத்துத் தொலைத்தொடுகோடு.

விடையின் துல்லியம்
காரணி: (𝑥−2)(𝑥+1)/(𝑥−2)(𝑥+2). (𝑥−2) அடிபடுகிறது; சுருங்கிய (𝑥+1)/(𝑥+2)-இல் 2-ஐப் போட்டால் துளை (2, 3/4). மிஞ்சிய 𝑥 = −2 செங்குத்துத் தொலைத்தொடுகோடு.
எண்: 1.9-இல் 0.744, 2.1-இல் 0.756. துளை இருப்பது தெரியும். உயரம் 3/4 என்பது ஊகம்தான்.

கிளைகள் போகும் திசை
காரணி: குறி பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.
எண்: −2.01-இல் 101, −1.99-இல் −99. இடக்கிளை மேலே, வலக்கிளை கீழே. வரைபடத்துக்கு இதைவிட எளிய வழியில்லை.

சறுக்கும் இடம்
காரணி: அடித்ததும் 2-ஐ மறந்துவிடுவார்கள்; சுருக்கிய பிறகும் அது சார்பகத்தில் (𝑥-க்குப் போடக்கூடிய மதிப்புகளில்) கிடையாது. (𝑥−2)/(𝑥−2)²-இல் ஒரு காரணி கீழே மிஞ்சும், ஆகவே அங்கே துளை இல்லை, தொலைத்தொடுகோடு.
எண்: 0/0 வந்தாலே துளை என்று முடிவுகட்டுவது. (𝑥−2)/(𝑥−2)²-இல் 2-ஐப் போட்டாலும் 0/0தான் வருகிறது!

கிடைத் தொலைத்தொடுகோட்டுக்கு (𝑥 மிகப் பெரிதாகும்போது வரைபடம் நெருங்கும் கிடைக்கோடு) இந்த இரண்டு வழியுமே வேண்டாம். எடுத்துக்காட்டில் மேலும் கீழும் படிகள் சமம் (இரண்டிலும் 𝑥²), முதற்கெழுக்களின் (𝑥²-இன் கெழுக்களின்) விகிதம் 1. ஆகவே 𝑦 = 1.

தேர்வில் மதிப்பெண் காரணிக்கே. படம் வரையவும் விடை சரிபார்க்கவும் எண்.