அன்கேனி எக்ஸ்-மென் 11ஆம் இதழும் என்னிடம் இல்லாத ஏழு புத்தகங்களும்

மருமகன் போன கிழமை கேட்டான்: "மாமா, அன்கேனி எக்ஸ்-மென் முதல் தொகுப்பை எடுக்கட்டா?" உடனே பதில் சொல்ல முடியவில்லை. 2024 ஆகஸ்டில் தொடங்கிய இந்த மார்வெல் காமிக்ஸ் தொடரின் முதல் 11 இதழ்கள் என்னிடம் இருக்கின்றன. கனடா மச்சான் போன வருடம் வந்தபோது கட்டாகக் கொண்டுவந்து தந்தவை. பத்து இதழ்களை நாலைந்து தரம் வாசித்துவிட்டேன். என் கையில் இருக்கும் கடைசி இதழான பதினோராவதை எடுத்தால் மட்டும் கோபம் வருகிறது.

எக்ஸ்-மென் என்றால் பிறவியிலேயே விசேஷ சக்தி உள்ளவர்களின் கூட்டம். கதையில் 2019இலிருந்து தங்களுக்கென்று ஒரு தீவு நாடு வைத்திருந்தவர்கள். அது போய்விட்டது. ரோக், கேம்பிட், வுல்வரின், நைட்கிராலர், ஜூபிலி ஐந்து பேரும் லூசியானாவில் ஹேவன் ஹவுஸ் என்ற வீட்டில் ஒதுங்குகிறார்கள். பிறகு போக்கிடமில்லாத நாலு பிள்ளைகள் அங்கே வந்து சேருகிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாங்கள் ஒன்பது பேர் பெரியம்மா வீட்டு விறாந்தையில் நாலு மாதம் படுத்தெழும்பினோம். யார் எங்கே பாய் விரிப்பது, யாருக்கு முதலில் கிணற்றடி என்பதெல்லாம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இந்தக் கதையின் அடிவேர் அதுதான். கெயில் சிமோன் சண்டையை விட அந்த வீட்டைத்தான் கவனமாக எழுதுகிறார். டேவிட் மார்க்கெஸின் கோடுகளிலும் மத்தியூ வில்சனின் நிறங்களிலும் சதுப்பு நிலத்துப் புழுக்கம் அப்படியே இருக்கிறது. கச்சான் காற்று ஓய்ந்த பின்னேரத்தில் கல்லடி வாவிக் கரையில் நின்றவனுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ரோக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். 1981இல் எதிரியாக அறிமுகமானவள். தொட்டால் மற்றவரின் சக்தியும் நினைவும் அவளுக்குள் வந்துவிடும், அதனால் எத்தனையோ வருடம் கையுறையோடே வாழ்ந்தாள். இன்றைக்கு அந்த வீட்டைத் தாங்குபவள் அவள்தான். முதலாம் இதழில் நோயாளிச் சிறுவன் ஒருவனை எக்ஸ்-மென் சந்திக்கும் பக்கங்களை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துக் கொஞ்ச நேரம் முற்றத்தில் நடந்தேன்.

இப்படி ஒரு கதையை என்ன செய்தார்கள்? நாலு பாகமாக வந்த கிரேமால்கின் சிறை முற்றுகையில் இரண்டாம் பாகம் இதன் 7ஆம் இதழில், நாலாம் பாகம் 8ஆம் இதழில். ஒன்றும் மூன்றும் வேறொரு எக்ஸ்-மென் தொடரில். சரி, பொறுத்துக்கொண்டேன். பிறகு 2025 மார்ச்சில் 11ஆம் இதழ். எக்ஸ்-மென்னை உருவாக்கிய சேவியர் நடத்திய பள்ளிக்கூடத்தையே அந்தக் கிரேமால்கின் சிறையாக்கி, அவரையே அதற்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள், அவர் அதிலிருந்து தப்புகிறார். அருமையான தொடக்கம். ஆனால் இது எட்டுப் பாகத்தில் முதலாவது. மிச்சம் ஏழும் ஏழு வெவ்வேறு புத்தகங்களில்! மட்டக்களப்பில் இருந்துகொண்டு அந்த ஏழுக்கும் நான் எங்கே போவேன்?

இது இன்றைக்கு வந்த நோயில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். 1975இலிருந்து 1991 வரை பழைய எக்ஸ்-மென் தொடரை எழுதிய கிறிஸ் கிளேர்மான்ட் காலத்திலேயே, 1986இல், கதை பக்கத்துப் புத்தகங்களுக்குள் புகுந்தது. ஆனால் அதற்கு முன் அவர் பதினோரு வருடமாக ஆட்களை ஊன்றி வளர்த்திருந்தார். இங்கே பதினோரு மாதம்கூட விடவில்லை. ஹேவன் ஹவுஸில் பிள்ளைகள் அப்போதுதான் சிரிக்கப் பழகியிருந்தார்கள்.

கடற்காற்று இன்னொரு கரைச்சல். நாடா ஒட்டிய பொலித்தீன் உறையில் போட்டு, அலுமாரியின் மேல்தட்டில்தான் வைத்தேன். போன மாரி முடிந்து எடுத்துப் பார்த்தால் இதழ்களின் நடுவில் அடித்த கம்பி துருப்பிடித்து, நடுப்பக்கத்தில் இரண்டு கபிலப் புள்ளி. கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் மேல்தட்டை நம்பவேண்டாம்.

தம்பி, தொகுப்பை எடுக்காதே. முதல் ஆறு இதழும் அதில் இருக்கும், நல்லாகவும் இருக்கும், ஆனால் அதை முடித்ததும் ஏழாவதைத் தேடி நிற்பாய், பிறகு நான் படும் பாட்டைத்தான் நீயும் படுவாய். இந்த ஞாயிறு வா, என்னுடையதைத் தாறேன். துருக் கம்பியைக் கழற்றிவிட்டு வெள்ளை நூலால் தைத்திருக்கிறேன், ஆறுதலாக விரி.