இறால் குளத்தில் பேனா பிஎச் மீட்டர்: சில பருவங்கள் கழித்து

தண்ணீர் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதை எண்ணில் காட்டும் பேனா வடிவப் பிஎச் மீட்டரில் எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும், கையிலிருக்கும் பணத்தில் ஒரு பங்கை, மீட்டரைத் திருத்த உதவும் பிஎச் தெரிந்த தாங்கல் கரைசலுக்கும், அதன் நுனியை ஈரமாக வைக்கும் சேமிப்புக் கரைசலுக்கும் ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்கு மீட்டர் வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. கரைசலில் லாபம் குறைவு போலும்.

வேதாரண்யம் பக்கம் உவர்நீர்க் குளங்களில் வன்னாமி இறால் வளர்க்கிறோம். விடியற்காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை பிஎச் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நிறம் மாறும் காகிதம், தண்ணீரில் விட்டு நிறம் பார்க்கும் சொட்டு மருந்து, மலிவான பேனா, மின்முனையை (அளக்கும் நுனியை) மாற்றிக்கொள்ளக்கூடிய விலையுயர்ந்த பேனா என்று எல்லாவற்றையும் பல பருவங்களாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டோம். அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

எந்தக் கருவியானாலும் அது காட்டும் எண் என்னவென்று தெரியாமல் வாங்கிப் பயனில்லை. 1909இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சன், கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனியின் செறிவை 0.0000001 என்று சுழியம் சுழியமாக எழுதுவதற்குப் பதிலாக 7 என்று எழுதிவிடலாம் என ஒரு வழி சொன்னார். அதாவது செறிவின் மடக்கையை எடுத்து, குறியை மாற்றிக்கொள்வது. அதனால் அமிலம் கூடினால் எண் குறையும். எழுத வசதிதான். ஆனால் பார்க்கிறவர் கண்ணை அது ஏமாற்றிவிடும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஒரே படிதான் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அமிலத்தன்மையில் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கிறது. 0.3 மாறினாலே ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எங்கள் குளத்தில் நல்ல வெயில் நாளில் விடியற்காலை 7.8 இருக்கும், பிற்பகல் மூன்று மணிக்கு 8.6 ஆகிவிடும். தண்ணீரில் உள்ள நுண்பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கிறது. தண்ணீரில் கார்பானிக் அமிலம் குறைகிறது, பிஎச் ஏறுகிறது. இரவில் பாசியும் இறாலும் சேர்ந்து மூச்சு விட, மறுபடி இறங்குகிறது. 0.8 என்பது நோட்டில் பார்க்கச் சின்ன எண்தான். ஹைட்ரஜன் அயனிக் கணக்கில் ஆறு மடங்குக்கு மேல்.

இதற்கு ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும் என்றால், அம்மோனியா. இறாலின் கழிவும் மிஞ்சிய தீவனமும் தண்ணீரில் அம்மோனியாவைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அதில் அயனியாக இருக்கும் பகுதியால் பெரிய தொல்லை இல்லை. அயனியாகாத பகுதிதான் செவுளைத் தாக்கும் நஞ்சு. 25 டிகிரி வெப்பத்தில், நன்னீரில், பிஎச் 8 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் சுமார் 5 சதவீதம் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 9 ஆனால் அது 36 சதவீதத்தைத் தொடும். உவர்நீரில் இது சற்றுக் குறையும், தண்ணீர் சூடேறினால் கூடும். குளத்தில் புதிதாக எதையும் கொட்டாமலே, வெயில் அடித்ததால் மட்டும் நஞ்சு பல மடங்கு பெருகிவிடலாம். பிற்பகல் எண்ணை நம்பித்தான் அன்றைய மாலைத் தீவனத்தைக் குறைப்பதா, தண்ணீர் மாற்றுவதா என்று முடிவு செய்கிறோம். அந்த எண் 0.2 தவறாக இருந்தால் முடிவும் தவறிவிடும்.

இனி கருவிகளுக்கு வருகிறேன். லிட்மஸ் தாளைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டுவிடலாம். அமிலமா காரமா என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அதற்கு எங்கள் வீட்டு மஞ்சளே போதும். சுண்ணாம்பு பட்டால் ஆரத்தி சிவப்பதும் அதே வேதியியல்தான். பொது நிறங்காட்டித் தாள் 1 முதல் 14 வரை காட்டும் என்று அட்டையில் போட்டிருக்கும். 8க்கும் 9க்கும் உள்ள பச்சை நிற வித்தியாசத்தை, குளத்துத் தண்ணீரின் சொந்தப் பச்சைக்கு நடுவே, அந்தி வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கச் சொன்னால் இரண்டு பேர் இரண்டு பதில் சொல்வார்கள். ஆனாலும் தாளிடம் ஒரு நேர்மை உண்டு. தனக்குத் துல்லியம் போதாது என்பதை அது ஒளிப்பதில்லை.

சொட்டு மருந்துப் பெட்டிகளில் பெரும்பாலும் ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி இருக்கும். ஏழிலிருந்து எட்டு வரை மஞ்சளிலிருந்து சிவப்புக்கு அழகாக மாறும். எட்டுக்குச் சற்று மேலே போனதும் அதற்குமேல் சிவக்க அதனிடம் நிறம் இல்லை. 8.4 ஆனாலும் 9.2 ஆனாலும் ஏறத்தாழ ஒரே நிறம். நீச்சல் குளத்துக்கு இது போதும். எங்களுக்கு எந்த நேரத்து எண் வேண்டுமோ, அந்த நேரத்தில்தான் இது கண்ணை மூடிக்கொள்கிறது. இன்னொன்று: குஞ்சு விடுவதற்கு முன் பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரில் குளோரின் மிஞ்சியிருந்தால் நிறமே வெளுத்துவிடும். காகிதத்துக்கும் அதே கதிதான்.

மின்னணு பிஎச் மீட்டர் பிறந்ததற்கும் இப்படி ஒரு வெளுப்புதான் காரணம் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1934இல் கலிஃபோர்னியாவில் எலுமிச்சை வேலையில் இருந்த ஒரு வேதியியலாளர், சாற்றின் அமிலத்தன்மையை அளக்க முடியாமல் தவித்தார். சாற்றில் சேர்த்திருந்த கந்தக டை ஆக்சைடு லிட்மஸை வெளுக்கச் செய்தது. கல்லூரி நண்பரான ஆர்னல்டு பெக்மனிடம் போய்ச் சொன்னார். கண்ணாடி மின்முனை அதற்கு முன்பே, 1909 வாக்கிலேயே, ஹேபரும் கிளெமென்சியெவிட்சும் செய்து காட்டியதுதான். ஆனால் அது தரும் மின்சைகை மிக நலிவானது. பெக்மன் அதை வெற்றிடக் குழாய்ப் பெருக்கியில் கொடுத்து, தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு பெட்டியில் அடைத்தார். இன்று சட்டைப்பையில் செருகும் பேனாவுக்குள் இருப்பதும் அதே தத்துவம்தான்.

அந்தத் தத்துவம் தெரிந்தால் பாதித் தொல்லைகள் தீர்ந்துவிடும். நுனியில் இருக்கும் மெல்லிய கண்ணாடிக் குமிழ், உள்ளே இருக்கும் கரைசலுக்கும் வெளியே உள்ள தண்ணீருக்கும் ஹைட்ரஜன் அயனியில் இருக்கும் வேறுபாட்டை மின்னழுத்தமாகக் காட்டுகிறது. 25 டிகிரியில் ஒவ்வொரு பிஎச் படிக்கும் ஏறக்குறைய 59 மில்லிவோல்ட். பிஎச் 7இல் சுழியம். மீட்டர் பார்ப்பது மில்லிவோல்ட்டைத்தான். அதை பிஎச் எண்ணாக மாற்ற அதற்கு நாம் பாடம் சொல்லித்தர வேண்டும். அந்தப் பாடம்தான் அளவுத்திருத்தம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் பேனாவோடு இரண்டு மூன்று பொடிப் பொட்டலங்கள் வரும்: 4.00, 6.86, சிலவற்றில் 9.18. 250 மில்லி வடிநீரில் (காய்ச்சி வடித்த நீரில்) கரைத்துக்கொள்ள வேண்டும். பலர் 6.86 பொடியைக் கரைத்துவிட்டு மீட்டரை 7.00 என்று திருத்துகிறார்கள். அங்கேயே 0.14 போய்விட்டது. இதைவிட மோசமானது, 7இல் மட்டும் திருத்திவிட்டு எழுந்துபோவது. மின்முனை பழசாகும்போது படிக்கு 59 மில்லிவோல்ட் தராமல் 53தான் தரும். 7இல் அது சரியாகவே காட்டும், ஏனென்றால் அங்கே விடை சுழியம். உண்மையான பிஎச் 9 ஆக இருக்கும்போது அது 8.8 என்று சொல்லும். ஆபத்து கூடக்கூடப் பொய்யும் கூடுகிறது. எங்களுக்கு வேண்டிய எல்லை ஏழரையிலிருந்து ஒன்பது. அப்படியானால் 6.86 அல்லது 7 ஒரு பக்கம், 9.18 அல்லது 10 மறுபக்கம் என்று இரண்டு முளை அடித்து, நடுவே அளக்க வேண்டும். நாலும் ஏழும் போட்டுத் திருத்துவது எலுமிச்சைச் சாறு அளப்பவருக்குச் சரி.

9.18 கரைசலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு மெல்ல இறங்கிவிடும். எனவே சிறு குப்பியில் கொஞ்சமாக ஊற்றிப் பயன்படுத்தி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பாட்டிலில் திரும்ப ஊற்றிவைக்கிற சிக்கனத்தை நான் பல பண்ணைகளில் பார்த்திருக்கிறேன். அந்த பாட்டிலில் இருப்பது தாங்கல் கரைசல் அல்ல, வெறும் நம்பிக்கை.

பெட்டியில் ±0.1 என்று துல்லியம் அச்சிட்டிருப்பார்கள். இதை அலட்சியமாகப் படித்துவிடக் கூடாது. தொழிற்புரட்சிக்குப் பிறகு உலகக் கடல்களின் மேற்பரப்பு பிஎச் சுமார் 8.2இலிருந்து 8.1 ஆகக் குறைந்திருக்கிறது. கடல் அமிலமாகிறது என்று விஞ்ஞானிகள் கவலைப்படுவது இந்த 0.1ஐப் பற்றித்தான். அந்த அளவு மாற்றம் எங்கள் பேனாவின் பிழைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதோடு, நன்னீரில் கரைத்த தாங்கல் கரைசலில் திருத்திய மீட்டரை உப்புத் தண்ணீரில் வைத்தால், கண்ணாடிக் குமிழுக்குத் துணையாக உள்ளே இருக்கும் ஒப்பீட்டு மின்முனை தண்ணீரைத் தொடும் சந்திப்பில் கூடுதலாகக் கொஞ்சம் மின்னழுத்தம் புகுந்துவிடும். கடலாய்வாளர்கள் இதற்காகவே செயற்கைக் கடல்நீரில் தயாரித்த தாங்கல் கரைசலையும் தனி அளவுகோலையும் வைத்திருக்கிறார்கள். பண்ணைக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரே மீட்டர், ஒரே முறை, ஒரே நேரம் என்று இருந்தால் காலைக்கும் மாலைக்கும் உள்ள ஏற்ற இறக்கம் நம்பும்படி கிடைக்கும். இரண்டாவது தசம இடத்தை நான் பார்ப்பதே இல்லை. திரையில் அது ஓடிக்கொண்டிருப்பது அலங்காரத்துக்கு.

பராமரிப்பைப் பொறுத்தவரை எல்லாம் ஈரத்தில்தான் இருக்கிறது. கண்ணாடிக் குமிழின் மேல் ஒரு மெல்லிய நீரேறிய படலம் இருந்தால்தான் அது வேலை செய்யும். காய்ந்தால் எண் நிலைக்காமல் அலையும். மூடிக்குள் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலை நாலு சொட்டு விட்டு மூட வேண்டும். வடிநீரில் ஊறவைக்கச் சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வடிநீர் மின்முனைக்குள் இருக்கும் உப்பை வெளியே இழுத்து அதன் ஆயுளைக் குறைத்துவிடும். வடிநீர் கழுவுவதற்கு மட்டும். மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம், கழுவினால் போய்விடும். கழுவியபின் துணியால் அழுத்தித் தேய்க்காமல் மெல்லிய தாளால் ஒற்றி எடுப்பது நல்லது. எங்கள் தண்ணீரில் களிமண்ணும் பாசியும் அதிகம் என்பதால் பீங்கான் சந்திப்பு அடைத்துக்கொள்ளும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொஞ்ச நேரம் வைத்து, கழுவி, சேமிப்புக் கரைசலில் ஓர் இரவு விட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். வராவிட்டால் மின்முனையின் காலம் முடிந்தது என்று அர்த்தம். ஓரிரு ஆண்டு என்பதே அதற்கு நல்ல ஆயுள்.

இங்கேதான் மலிவான பேனாவும் விலையுயர்ந்த பேனாவும் பிரிகின்றன. புதிதாக வாங்கி நன்றாகத் திருத்திய மஞ்சள் பேனா, முதல் சில மாதங்கள் விலையுயர்ந்ததற்கு ஒன்றும் குறைவில்லாமல் காட்டியது. பிறகு எண் வந்து நிற்பதற்கு நேரம் எடுக்கத் தொடங்கியது. கடைசியில் இரண்டு தாங்கல் கரைசலிலும் ஒன்றுபோல் 7க்குப் பக்கமாக ஒட்டிக்கொண்டது. தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. உப்புக் காற்றில் பேட்டரிப் பெட்டியின் கம்பிச்சுருளும் துருப்பிடித்துவிட்டது. மற்றது பல ஆயிரம் ரூபாய். மின்முனையை மட்டும் கழற்றி மாற்றலாம், தண்ணீரில் விழுந்தாலும் பிழைக்கும், படிக்குத் தர வேண்டிய 59 மில்லிவோல்ட்டில் மின்முனை எத்தனை சதவீதம் தருகிறது என்று அதுவே காட்டிவிடும். அந்த ஒரு வசதிக்காகவே அதன் விலையை நியாயப்படுத்தலாம். ஆனால் மாற்று மின்முனை கேட்டபோது, அதை எனக்கு விற்ற கடை, இருப்பில் இல்லை என்று வாரக்கணக்கில் இழுத்தது. வாங்கும்போதே மாற்று மின்முனையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லை என்றால் அந்த மாடலே வேண்டாம்.

தானியங்கி வெப்ப ஈடு என்பதைப் பற்றிப் பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பார்கள். அது மின்முனையின் மில்லிவோல்ட் கணக்கை வெப்பத்துக்கு ஏற்பச் சரிசெய்கிறது, அவ்வளவுதான். வெப்பத்தால் தண்ணீரின் பிஎச்சே மாறினால் அதை அது 25 டிகிரிக்கு மாற்றித் தராது. தூய நீரின் நடுநிலைகூட 25 டிகிரியில்தான் 7, கொதிநிலையில் 6.1 அளவுக்கு வந்துவிடும், அப்போதும் அது நடுநிலைதான். எனவே வாளியில் எடுத்துவந்து நிழலில் அளப்பதைவிடக் குளத்திலேயே நுனியை முக்கி, எண் நிற்கும்வரை பொறுத்திருப்பது மேல்.

நோட்டில் எழுதுபவர்களிடம் ஒரு வார்த்தை: வாரச் சராசரி போடாதீர்கள். 7க்கும் 9க்கும் சராசரி 8 என்று கணக்குப் பாடம் சொல்லும். ஹைட்ரஜன் அயனியைச் சராசரி எடுத்து மீண்டும் பிஎச் ஆக்கினால் 7.3தான் வரும். மேலும் எங்களுக்கு வேண்டியது நடு எண் அல்ல; கீழ் எண்ணும் மேல் எண்ணும், அவற்றுக்கு இடையிலான தூரமும்தான். அது அரைப் படிக்குள் இருந்தால் நிம்மதி.

அந்தத் தூரம் கூடினால் ஏன் என்று மீட்டர் சொல்லாது. தண்ணீரில் பைகார்பனேட் எவ்வளவு இருக்கிறது, அது பிஎச் மாற்றத்தை எவ்வளவு தாங்கும் என்பது வேறு அளவு. அதற்குச் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டுப் பார்க்கும் தனிப் பரிசோதனைப் பெட்டி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது குறைந்த குளங்களில்தான் எங்களுக்குப் பிஎச் ஊசலாடியது. அப்போது கால்சியம் கார்பனேட் சுண்ணாம்பு போட்டால் பிஎச் எட்டைத் தாண்டிப் பெரிதாக ஏறாமல் தாங்கும் சக்தி மட்டும் கூடும். நீற்றிய சுண்ணாம்பைக் கண்மூடிக் கொட்டினால் பிஎச் ஒரேயடியாக எகிறி, அம்மோனியா நஞ்சாகிவிடும். மீட்டர் மட்டும் வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒரே மருந்தாகத் தெரியும். மீட்டரின் விலையோடு ஒப்பிட்டால் அந்தப் பரிசோதனைப் பெட்டி மலிவு. நான் இரண்டையும் ஒன்றாகவே வாங்குகிறேன். 9.18 பொடிப் பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பார்த்துத்தான் எடுக்கிறேன், தேதியே அச்சிடாத பொட்டலங்களைத் தொடுவதில்லை.