காலநிலை இலக்கு: மக்களை எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது?

புவி வெப்பமாதலைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்தில் இருக்கும் ஒவ்வொரு நாடும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தன் உமிழ்வுக் குறைப்பு இலக்கை (புவியைச் சூடாக்கும் வாயுக்களை எவ்வளவு குறைப்போம் என்பதை) ஐநாவிடம் கொடுக்க வேண்டும். அந்த எண்ணை முடிவு செய்யும்போது சொந்த மக்களை எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்தால் நாட்டுக்கு நாடு வித்தியாசம் பெரிது.

நியூசிலாந்து கதவை அகலமாகத் திறந்தது. 2015 மே மாதம், பாரிஸ் மாநாட்டுக்கு முன்பே, அரசு ஒரு விவாத அறிக்கையை வெளியிட்டு யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றது, பல ஊர்களில் கூட்டமும் போட்டது. அவகாசம் சுமார் நாலு வாரம்தான், ஆனாலும் 17,000-க்கு மேல் கருத்துகள் வந்து குவிந்தன. எழுதியவர்களில் பெரும்பாலானோர் வேகமான குறைப்பைக் கேட்டார்கள், 1990 அளவிலிருந்து 40% என்று கேட்டவர்கள் ஏராளம். ஜூலையில் அரசு அறிவித்தது 2005 அளவிலிருந்து 30%. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 2005-இல் அந்த நாட்டின் உமிழ்வு 1990-ஐவிட அதிகம் என்பதால் 1990 கணக்கில் இது வெறும் 11%. இந்த முறையின் பலவீனம் இதுதான். இயக்கங்கள் தயாரித்த ஒரே மாதிரிக் கடிதங்கள் நிறைய வரும், 'இது ஆர்வலர்களின் கருத்து, நாட்டின் கருத்து இல்லை' என்று அரசு சுலபமாகத் தள்ளிவிடலாம்.

அந்தச் சாக்குக்கு பிரான்சில் இடமில்லை. 2019 அக்டோபரில் காலநிலைக்கான மக்கள் அவை ஒன்றுக்குக் குலுக்கல் முறையில் 150 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது, படிப்பு, தொழில், ஊர் எல்லாம் நாட்டின் கலவையை ஒத்திருந்தது. மாதக்கணக்கில் நிபுணர்களிடம் கேள்வி கேட்டு, 2020 ஜூனில் 149 பரிந்துரைகள் கொடுத்தார்கள். வடிகட்டாமல் முன்வைப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்த அதிபர் மக்ரோன் மூன்றை உடனே ஒதுக்கினார், சட்டமாக வரும்போது மற்றவற்றில் பலவும் நீர்த்துப் போயின. இருந்தாலும் சாதாரண மனிதர்கள் இவ்வளவு ஆழமாகப் படித்துப் பேசியதை நான் உயர்வாகவே மதிக்கிறேன். என் குறை வேறு. 2030-க்குள் குறைந்தது 40% குறைப்பு என்ற எண்ணை முதலிலேயே கையில் கொடுத்துவிட்டு, அதை எப்படி அடைவது என்றுதான் அவர்களைக் கேட்டார்கள். எண் போதுமா என்று கேட்கவில்லை.

சரி, இந்தியா? 2070-க்குள் நிகர பூஜ்ஜியம், அதாவது வெளியிடும் அளவும் உறிஞ்சும் அளவும் சமமாகும் நிலை, என்று 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டு மேடையில் பிரதமர் அறிவித்தார். 2022 ஆகஸ்டில் அமைச்சரவை, பொருளாதாரத்தின் உமிழ்வுச் செறிவை (ஒவ்வொரு ரூபாய் உற்பத்திக்கும் வெளியாகும் உமிழ்வை) 2005 அளவிலிருந்து 45% குறைக்கும் இலக்குக்கு ஒப்புதல் தந்தது. ஒரு அனல்மின் நிலையம் வர வேண்டுமென்றால்கூட 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுவாக மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும், அப்படிப்பட்ட நிலையங்கள் இனி எத்தனை தேவை என்பதையே பாதிக்கும் எண்ணுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இதற்குப் பதிலாக, பேரம் பேசுமுன் கையில் இருக்கும் சீட்டைக் காட்டக் கூடாது என்பார்கள். பேச்சுவார்த்தையில் எதுவரை இறங்கி வருவோம் என்பதற்கு அந்த வாதம் பொருந்தும், எப்படியும் உலகத்துக்கே வெளியிடப்போகும் இலக்குக்குப் பொருந்தாது.

எனக்குப் பிடித்தது நியூசிலாந்தின் பிந்தைய ஏற்பாடு. 2019-இல் சட்டம் போட்டு அரசிடமிருந்து விலகி நிற்கும் காலநிலை ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். அது 2021-இல் தன் வரைவு அறிக்கையைப் பொதுவில் வைத்து 15,000-க்கு மேல் கருத்துகளை வாங்கியது, பழைய 30% இலக்கு, புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரி செல்சியசுக்குள் நிறுத்தும் வரம்புக்குப் பொருந்தாது என்று எழுத்தில் சொன்னது. அந்த அக்டோபரிலேயே அரசு இலக்கை 50% என்று உயர்த்தியது. உயர்த்திய எண்ணிலும் வெளிநாட்டில் வாங்கும் கார்பன் வரவுகளுக்கு (பிற நாட்டில் நடக்கும் குறைப்பைப் பணம் கொடுத்துத் தன் கணக்கில் சேர்ப்பதற்கு) பெரிய பங்கு உண்டு, அது நிஜமான குறை. ஆனால் அரசை நிறுத்திக் கேள்வி கேட்க எழுத்தில் ஒரு அளவுகோல் கிடைத்தது.

இங்கே அதைச் செய்வதென்றால் வரைவு தமிழிலும் மற்ற மொழிகளிலும் முதல் நாளே வர வேண்டும். 2020-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை மாநில மொழிகளில் தரச் சொல்ல டெல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.