பிஎச்பி ஃபங்ஷனும் என் ஏழு ஆர்கியுமென்ட்டும்: 12 வருஷக் கதை

மொரிஷியஸில், ரோஸ் ஹில் பக்கம் சின்னக் கடைகளுக்கு பில் மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. 2012-ல் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய பில் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) ஒன்று இன்றும் ஓடுகிறது, ஆனால் அதன் ஆர்கியுமென்ட் பட்டியலை, அதாவது கூப்பிடும்போது அதற்குக் கொடுக்கும் மதிப்புகளின் பட்டியலை, மூன்று தடவை பிரித்து மேய்ந்துவிட்டேன்.

முதலில் தொகையும் வாட்டும் மட்டும்தான். வாட்டுக்கு டிஃபால்ட், அதாவது எதுவும் அனுப்பாவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு, 15 சதவீதம், இங்கே அதுதானே வரி. அப்புறம் தள்ளுபடி, ரவுண்டிங், நாணயம் என்று ஒவ்வொரு கடைக்காரரும் கேட்கக் கேட்க வால் நீண்டு ஏழானது. கடைசி ஆர்கியுமென்ட் ஒன்றை மாற்ற நடுவில் நல் (null, 'காலி' என்று அர்த்தம்), நல், ஃபால்ஸ் என்று வரிசையாகப் போட வேண்டும், ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எந்த நல் எதற்கு என்று எனக்கே தெரியாது. நல் அனுப்பினால் டிஃபால்ட் வந்துவிடும் என்றுவேறு நம்பியிருந்தேன். வராது, நல்லும் ஒரு மதிப்புதான், பில்லில் வாட் பூஜ்யம் என்று வந்து நின்றது.

சரி, எல்லாவற்றையும் ஒரே அரேயில், அதாவது ஒவ்வொரு மதிப்புக்கும் 'கீ' என்று ஒரு பெயர் ஒட்டிய பட்டியலில், போட்டு அனுப்பலாம் என்று மாறினேன். பார்க்க அழகாக இருந்தது. நம்ம ஊர்க் கோடு எப்படி இருக்கும் தெரியுமே, பாதிப் பெயர் பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். ஃபங்ஷன் எதிர்பார்த்தது 'ரெமீஸ்' (பிரெஞ்சில் தள்ளுபடி), நான் ஒரு இடத்தில் அனுப்பியது 'டிஸ்கவுண்ட்'. அரேக்கு என்ன கவலை, தெரியாத கீயை வாயைத் திறக்காமல் விழுங்கிவிட்டது. மூன்று வாரம் தள்ளுபடி இல்லாமலே பில் போயிருக்கிறது, கடைக்காரர் க்ரியோலில் கொடுத்ததை இங்கே எழுத முடியாது.

பில்லில் எத்தனை பொருள் வந்தாலும் வாங்கிக்கொள்ள பிஎச்பி 5.6 பதிப்பில் வந்த மூன்று புள்ளி (பெரமீட்டர் பெயருக்கு முன்னால் போடும் '...') போதும், அதில் குறையே இல்லை.

உண்மையான நிம்மதி பிஎச்பி 8.0-ல் வந்த நேம்டு ஆர்கியுமென்ட்தான். வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி அனுப்பலாம், மற்றதெல்லாம் டிஃபால்ட். பெயர் தப்பினால் அந்த இடத்திலேயே எர்ரர் விழும், மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இதிலும் ஒரு அடி வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையில்லாமல் 'ரெமீஸ்' அசிங்கமாக இருக்கிறதே என்று ஃபங்ஷனுக்குள் பெயரை மாற்றிவிட்டேன், திங்கட்கிழமை காலை ஃப்ளாக் பக்கம் ஒரு கடையில் பில்லே வரவில்லை. முன்பெல்லாம் பெரமீட்டர் பெயர், அதாவது ஆர்கியுமென்ட்டுக்கு ஃபங்ஷனுக்குள் வைக்கும் பெயர், என் வீட்டுக்குள் இருக்கும் விஷயம், யாரும் கேட்க மாட்டார்கள். இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒவ்வொரு இடத்துக்கும் அது சொந்தம். கிளாஸில் (ஃபங்ஷன்களைச் சேர்த்து வைக்கும் அச்சு) இன்னும் மோசம், ஒரே ஃபங்ஷனைத் தாய் கிளாஸில் ஒரு பெரமீட்டர் பெயரோடும் அதிலிருந்து பிறந்த பிள்ளை கிளாஸில் வேறு பெயரோடும் வைத்திருந்தால் எழுதும்போது பிஎச்பி எதுவும் சொல்லாது, ஓடும்போதுதான் உடையும்.

இப்போது முதல் இரண்டு மட்டும் வரிசைப்படி, மற்றதெல்லாம் பெயர் சொல்லித்தான். 'ரெமீஸ்' பழையபடி 'ரெமீஸ்' ஆகவே இருக்கிறது, நான் தொடுவதாக இல்லை.