2 மீட்டரா, 70 சென்டிமீட்டரா? அமெரிக்காவில் ரிப்பீட்டர் வைக்கும் முன்

அமெரிக்காவில் ஹாம் (அமெச்சூர் வானொலி) ரிப்பீட்டர், அதாவது ஒரு அலைவரிசையில் வரும் சிக்னலை வாங்கி இன்னொன்றில் வலுவாகத் திருப்பி அனுப்பும் நிலையம், வைக்க நினைப்பவர்கள் முதலில் பேசுவது மலை உயரத்தையும் ஆன்டெனாவையும்தான். அதற்கு முன் வரைபடத்தை விரித்துப் பார்ப்பது நல்லது. 2 மீட்டர் அலைவரிசைப் பட்டையில் விதி நாடெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 70 சென்டிமீட்டர் பட்டையில் அது இடத்துக்கு இடம் மாறுகிறது.

2 மீட்டரில் 144.5–145.5, 146–148 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு துண்டுகளில் ரிப்பீட்டர் வைக்கலாம். (இந்தியாவில் இந்தப் பட்டை 146லேயே முடிந்துவிடுகிறது.) அமெச்சூர்களுக்கே இங்கே முதலுரிமை, யாருக்கும் வழிவிட வேண்டியதில்லை. சிக்கல் நெரிசல்தான். பெரிய நகரங்களில் காலியான அலைவரிசை ஜோடி (வாங்க ஒன்று, அனுப்ப ஒன்று) கிடைப்பது கடினம். எந்த ரிப்பீட்டருக்கு எந்த அலைவரிசை என்று சொல்லும் ஒருங்கிணைப்பாளரின் பரிந்துரை சட்டப்படி கட்டாயமில்லை என்று சிலர் துணிந்து இறங்கிவிடுகிறார்கள். அது தவறான கணக்கு. இரண்டு ரிப்பீட்டர்கள் மோதி, ஒன்றுக்கு மட்டும் பரிந்துரை இருந்தால், குறுக்கீட்டைத் தீர்க்கும் முதல் பொறுப்பு பரிந்துரை இல்லாதவருடையது. இரண்டுக்கும் இருந்தால் பொறுப்பு சமம்.

70 சென்டிமீட்டரில் 420 முதல் 450 வரை 30 மெகாஹெர்ட்ஸ். 431–433, 435–438 போக மீதியில் ரிப்பீட்டருக்கு இடமுண்டு, ஒரே ஆன்டெனாவில் வாங்கவும் அனுப்பவும் உதவும் வடிகட்டியான டூப்ளெக்சரும் சிறியது. ஆனால் இங்கே முதலுரிமை ராணுவ ரேடாருக்கு, நமக்கு இரண்டாம் இடம்தான். கனடா எல்லையை ஒட்டி 'ஏ கோடு' என்று ஒன்று போகிறது. அதற்கு வடக்கே 420–430 கூடாது. புளோரிடா, அரிசோனா மாநிலங்கள் முழுவதிலும், இன்னும் சில ராணுவத் தளங்களைச் சுற்றியும், தனி அனுமதி இல்லாமல் 50 வாட்டைத் தாண்ட முடியாது. கலிபோர்னியாவின் பீல் விமானப்படைத் தளத்திலும் மாசசூசெட்ஸின் கேப் காடிலும் ஏவுகணை எச்சரிக்கை ரேடார்கள் இதே பட்டையில் இயங்குகின்றன. 2007இல் அவற்றின் சுற்றுவட்டாரத்தில் பல ரிப்பீட்டர்கள் சக்தியைக் குறைக்கவோ நிறுத்தவோ நேர்ந்தது. உழைத்துக் கட்டியவர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்!

மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பாங்க் வானொலித் தொலைநோக்கிக்காக 1958இல் வகுத்த அமைதி வலயத்தில் மட்டும் இரண்டு பட்டைக்கும் ஒரே விதி. ரிப்பீட்டரை நிறுவுமுன்னும், பிறகு அலைவரிசை, சக்தி, ஆன்டெனா உயரம் எதை மாற்றுமுன்னும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

சரி, எதை எடுப்பது? கான்சாஸ் மாதிரி எல்லைக்கும் ரேடாருக்கும் தள்ளி இருக்கும் இடமென்றால் 70 சென்டிமீட்டரைத் தயங்காமல் எடுப்பேன். பீல் தளத்துக்குப் பக்கத்து சாக்ரமென்டோவாக இருந்தால், 2 மீட்டரில் ஒரு ஜோடி கிடைக்கும்வரை எத்தனை மாதமானாலும் காத்திருப்பேன்.