ஈயப் பேஸ்ட்டில் கந்தகம் நீக்கும் அலகும் சாயும் சுழல் உலையும்: வாங்கலாமா?

பழைய பேட்டரியை உடைத்துப் பிரித்தால் ஈயக் கம்பித் தகடு, பிளாஸ்டிக், அமிலம் ஆகியவற்றோடு பழுப்புச் சேறாக ஒன்று எஞ்சும். அதைத் தொழிலில் பேஸ்ட் என்றே சொல்கிறோம். உலைக்காரருக்குத் தலைவலி தருவது தகடு அல்ல. தகட்டில் உள்ள உலோக ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். பேஸ்ட்டிலோ பாதிக்கும் மேல் ஈய சல்ஃபேட், மீதியில் பெரும்பகுதி ஈய ஆக்சைடுகள். இந்தப் பேஸ்ட்டுக்கென்றே இப்போது பழைய பேட்டரி உருக்கும் ஆலைகளுக்கு ஒரு தொகுப்பு விற்கப்படுகிறது: முதலில் கந்தகத்தைக் கழுவி நீக்கும் தொட்டிகள், பின்னால் சாய்த்து ஊற்றக்கூடிய சுழல் உலை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கள் கூடத்தில் அதை ஓட்டிப் பார்த்த பிறகு எழுதும் மதிப்புரை இது. விற்றவர் பெயரைச் சொல்லவில்லை. இதே அமைப்பைப் பலர் செய்து தருகிறார்கள், நான் சொல்லும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை அமைப்புக்கே உரியவை.

விற்பனையாளர் முதலில் பேசுவது புகைபோக்கியில் வெளியேறும் கந்தக டை ஆக்சைடைப் பற்றித்தான். அது உண்மைதான் என்றாலும், பணத்தை மீட்டுத் தருவது கசடுக் கணக்குதான் என்பது என் கருத்து. பழைய முறையில் பேஸ்ட்டோடு இரும்புத் துருவல், சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்), கரி ஆகியவற்றைச் சேர்த்து ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்குவோம். இரும்பு கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு கசடாக ஒதுங்கும். ஒரு டன் உலர்ந்த பேஸ்ட்டில் 600 கிலோ ஈய சல்ஃபேட் இருப்பதாகக் கொண்டால், அதிலுள்ள கந்தகம் ஏறக்குறைய 63 கிலோ. அதைப் பிடிக்கக் குறைந்தபட்சம் 110 கிலோ இரும்பு வேண்டும். விளைவாக 170 கிலோவுக்கு மேல் இரும்பு சல்ஃபைடு உண்டாகும். சோடாவும் மண்ணும் சேர்ந்தால் இன்னும் கூடும். இப்படி வரும் சோடாக் கசடு ஈரத்தை இழுத்து, மழைக்காலத்தில் கொட்டகைக்குள்ளேயே பொரிந்து பொடியாகிவிடுகிறது. பொடியான கசட்டிலிருந்து ஈயம் எளிதில் கசிகிறது. கசிவுச் சோதனையில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஈயத்தைத் தாண்டினால் அது அபாயக் கழிவு. ஆக, காசு கொடுத்து வாங்கிய பேட்டரியின் ஈயத்தில் ஒரு பகுதியைக் கசட்டில் கட்டி, அதைப் புதைப்பதற்கும் காசு கொடுக்கிறோம்.

புதிய அலகு இந்தக் கந்தகத்தை உலைக்குப் போகும் முன்பே தண்ணீரில் பிரித்துவிடுகிறது. பேஸ்ட்டைக் கரைசலாக்கி, சோடா ஆஷ் சேர்த்துக் கலக்கினால் ஈய சல்ஃபேட் ஈய கார்பனேட்டாக மாறும். கந்தகம் சோடியம் சல்ஃபேட்டாகத் தண்ணீரோடு போய்விடும். மேலே சொன்ன அதே ஒரு டன்னுக்கு 210 கிலோ சோடா ஆஷ் போதும். கிடைப்பது 280 கிலோ சோடியம் சல்ஃபேட். ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து எடுக்கும் கேக் உலைக்குப் போகிறது. ஈய கார்பனேட் 350 டிகிரிக்குள்ளேயே கரியமில வாயுவை விட்டு ஆக்சைடாகிவிடுவதால், உலையில் கரியைக் கொண்டு ஆக்சிஜனைப் பறிப்பது மட்டுமே மிச்ச வேலை. இரும்புத் தேவை பெரிதும் குறைகிறது, வெப்பமும் நேரமும் குறைகின்றன, கசடு கண்ணுக்குத் தெரிகிற அளவு சுருங்குகிறது. இந்த வகையில் அலகு சொன்னதைச் செய்கிறது, எனக்குக் குறையில்லை.

குறை தொட்டியில் இருக்கிறது. சோடா ஆஷ் போதுமான அளவு போட்டாலும் கந்தகம் முழுவதும் இறங்குவதில்லை. ஒவ்வொரு சல்ஃபேட் துகளின் மேலும் கார்பனேட் ஓடு கட்டிக்கொள்கிறது. உள்ளே இருப்பது உள்ளேயே தங்கிவிடுகிறது. சோடாவைக் கூட்டினால் சரியாகும் என்று இயக்குபவர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் அளவு மிஞ்சினால் சோடியமும் ஈயமும் சேர்ந்த ஓர் இரட்டைக் கார்பனேட் உண்டாகி, கழுவினாலும் போகாத சோடியம் கேக்கோடு உலைக்குப் போய்க் கசட்டை மீண்டும் வளர்க்கிறது. இதற்கு வழி சோடா அல்ல, அரைப்பு. பேஸ்ட்டை நன்றாக அரைத்துச் சலித்து, கம்பித் துணுக்குகளை நீக்கிவிட்டுத் தொட்டிக்கு விட வேண்டும். எங்களுக்கு வந்த தொகுப்பில் ஈர அரைவை இயந்திரம் 'விருப்பத் தேர்வு' என்று விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அது இல்லாமல் இந்த அலகை வாங்குவது பாதி அலகை வாங்குவதுதான்.

இன்னொரு சிக்கலை எந்த விளம்பரக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. சோடியம் சல்ஃபேட்டின் கரைதிறன் ஏறக்குறைய 32 டிகிரி வரை செங்குத்தாக ஏறி, பிறகு மெல்ல இறங்கும். பகலில் வெதுவெதுப்பாக, அடர்த்தியாக ஓடும் கரைசல், மார்கழி இரவில் வெளிக்குழாயில் நின்றுவிட்டால், தன்னோடு பத்து மூலக்கூறு தண்ணீரையும் பிடித்துக்கொண்டு பளிங்குப் படிகமாக உறைகிறது. காலைப் பணிமுறைக்கு வருபவர் வால்வைத் திறந்தால் சொட்டு வராது. கழற்றிப் பார்த்தால் குழாயின் வாய் முழுக்கக் கற்கண்டு போலக் கட்டி. குழாய்களுக்கு வெப்பக் காப்பும், பணிமுறை முடிவில் வெந்நீர் விட்டு அலசும் வழியும் தேவை. இரண்டும் பெரிய செலவில்லை, ஆனால் வரைபடத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

உலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது நல்ல உலை. சாய்த்து ஊற்றுவதால் துளையை உடைத்துத் திறக்கும் வேலை இல்லை. காற்றுக்குப் பதிலாக ஆக்சிஜன் கொடுத்து எரிப்பதால், காற்றில் ஐந்தில் நான்கு பங்கான நைட்ரஜனை வெட்டியாகச் சூடாக்கி வெளியே தள்ளும் நஷ்டம் குறைகிறது; புகையின் கொள்ளளவு சுருங்குவதால், புகையிலுள்ள தூசியைப் பிடிக்கும் பை வடிகட்டியின் சுமையும் குறைகிறது. சுடர் நேரடியாகப் படும் இடத்தில் உட்பூச்சுச் செங்கல் சற்று முன்னதாகவே தேய்கிறது என்பதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பாதுகாப்புப் பகுதியில்தான் எனக்கு விற்பனையாளர்களோடு வாக்குவாதம். உலைக்குள் என்ன நடக்கிறது என்பதை விட, அதன் வாய் திறந்திருக்கும் சில நிமிடங்களில் என்ன வெளியே வருகிறது என்பதே தொழிலாளியின் ரத்தத்தில் ஏறும் ஈயத்தைத் தீர்மானிக்கிறது. சாயும் உலையின் வாய் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நிலையாகப் பொருத்திய, புகையை உறிஞ்சும் கூண்டு ஊற்றும் கோணத்தில் பாதியைத்தான் பிடிக்கும். உலையோடு சேர்ந்து நகரும் கூண்டு, அல்லது உலையையே மூடிய அறை இருந்தால்தான் பயன். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் ஈயத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்ட அட்டவணை வகுத்த அளவு 150. நாம் வாங்கும் கருவியை 50 என்ற அளவுக்கே வடிவமைக்கச் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கேக்கில் ஈரம் இருக்கும் என்பதை இயக்குபவர்கள் ஒரு நொடியும் மறக்கக்கூடாது. உலையின் அடியில் உருகிய ஈயம் தேங்கியிருக்கும்போது ஈரக் கேக்கைக் கொட்டினால், நீர் நொடியில் ஆவியாகி ஈயத்தைச் சிதறடிக்கும். முற்றிலும் வடித்த பிறகுதான் அடுத்த சுமை. ஈயத்தைச் சுத்திகரிக்கும் கெட்டிலில் மேலே மிதக்கும் அழுக்கான டிராஸுக்கு இதே கண்டிப்பு வேறு காரணத்துக்காக வேண்டும்: கால்சியமோ அலுமினியமோ ஆர்செனிக்கோடு சேர்ந்த டிராஸ் நனைந்தால் ஆர்சைன் என்னும் கொடிய வாயு கிளம்பும். அதைக் கூரையின் கீழ், மூடிய கலனில், மழைச்சாரல் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

பை வடிகட்டியில் சேரும் தூள் எல்லாவற்றையும் விட நுண்மையானது, எல்லாவற்றையும் விட எளிதில் பறப்பது. எங்களுக்கு வந்த அமைப்பில் அதைச் சாக்கில் பிடித்துக் கையால் உலைக்குத் தூக்க வேண்டியிருந்தது. மூடிய திருகுக் கடத்தி வைத்து நேராகக் கரைசல் தொட்டிக்கே அனுப்பும்படி மாற்றினோம். தூசியைப் பற்றி இவ்வளவு பேசுவது மிகையாகத் தோன்றினால், செனகலின் தியாரோய்-சுர்-மேர் பகுதியை நினைத்துக்கொள்ளலாம். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் யாரும் உலையில் வேலை செய்தவர்கள் அல்லர். பழைய பேட்டரிகளைப் பிரித்துவந்த இடத்தின் ஈயம் கலந்த மண்ணும் தூசியும் அவர்களுடைய தெருவிலும் வீட்டிலும் இருந்தன.

உபவிளைபொருளான சோடியம் சல்ஃபேட்டைச் சோப்புத்தூள், கண்ணாடித் தொழில்களுக்கு விற்றுப் பணம் பண்ணலாம் என்பது விற்பனைப் பேச்சின் இனிப்பான பகுதி. ஈயத் தடயம் நீங்கும்வரை கரைசலைச் சுத்தம் செய்து, பிறகு நீராவி செலவழித்து வற்றவைத்தால்தான் அது விலைபோகும். சிறிய கூடத்துக்கு இது லாபமில்லை. கழிவுநீர்ச் செலவு கொஞ்சம் குறைந்தது என்று எடுத்துக்கொள்வதே சரி.

நாளுக்கு ஓரிரு டன் பேஸ்ட் மட்டும் கையாளுபவர்கள் இதை வாங்க வேண்டாம். பேஸ்ட்டைப் பதிவுபெற்ற பெரிய ஆலைக்குக் கொடுப்பது அவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நல்லது. அதற்கு மேல் ஓட்டுபவர்கள், பணம் ஒரே தடவையில் புரளாவிட்டால், உலையைத் தள்ளிப்போட்டுக் கழுவும் பகுதியை முதலில் வாங்கலாம். பழைய சுழல் உலையிலும் கந்தகம் நீங்கிய கேக் நன்றாகவே உருகும். ஒப்பந்தத்தில் ஒரு மணிக்கு எத்தனை டன் என்ற எண்ணை மட்டும் எழுதவிடாமல், கேக்கில் மிஞ்சும் கந்தகம் எத்தனை சதவீதம், கசட்டின் கசிவுச் சோதனை அளவு என்ன, ஊற்றும் நேரத்தில் உலை வாயருகே காற்றில் ஈயம் எவ்வளவு என்ற மூன்றையும் எழுத வைத்து, நமது பேஸ்ட்டிலேயே ஓட்டிக் காட்டிய பிறகு கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.