ஸ்டியரிங் பூட்டு 950, ஜிபிஎஸ் 3,200: ஒரு பழைய 800காரனின் ஓராண்டு அனுபவம்

என்னிடம் இருப்பது 2003ஆம் வருட மாருதி 800. வெள்ளை. ஏசி உண்டு, ஆனால் மேம்பாலம் ஏறும்போது ஏசி போட்டால் வண்டி கெஞ்சும். திருச்சி உறையூரில் வீடு. வீட்டுக்குள் நிறுத்த இடமில்லாததால் தெருவில் வேப்பமரத்தடியில்தான் இத்தனை வருடமும் நிற்கிறது. 'இதை எவன் திருடப் போகிறான்' என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். 2025 பொங்கல் முடிந்த வாரம் அடுத்த தெருவில் ஒரு ஆம்னி வேன் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனது. என் வண்டியைவிடப் பழசு அது.

அன்று மாலை டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. எங்கள் செட்டு நாலு பேர். ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார், மருந்துக்கடைக்காரர், ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் தம்பி, அப்புறம் நான். பேர் போட்டால் சண்டைக்கு வருவார்கள், தொழிலே பேராக இருக்கட்டும்.

எங்களில் கார் திருடிய அனுபவம் உள்ளவர் வாத்தியார் ஒருவர்தான். அவரும் ஒரு வெள்ளை 800 வைத்திருந்தவர். கல்யாண மண்டபத்து வாசலில் நின்ற வண்டியைத் திறந்து, கிளப்பி, முக்கு வரை போய்விட்டார். அங்கே சிக்னலில் நிற்கும்போதுதான் டேஷ்போர்டில் பிள்ளையார் இருக்க வேண்டிய இடத்தில் முருகன் இருப்பதைப் பார்த்திருக்கிறார். சாவியும் தேய்ந்தது, பூட்டும் தேய்ந்தது, இரண்டும் ஒத்துப்போய்விட்டன. திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்திவிட்டு, பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார். வண்டிக்காரருக்கு இன்று வரை தெரியாது.

மெக்கானிக் தம்பி இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அண்ணே, உங்க வண்டியில இம்மொபிலைசர் கிடையாது. புது வண்டின்னா சாவிக்குள்ள ஒரு சிப் இருக்கும். அது சொல்ற நம்பரை வண்டி ஏத்துக்கிட்டாதான் இன்ஜின் ஓடும். உங்க வண்டிக்கு அதெல்லாம் இல்ல. இக்னிஷனை பைபாஸ் பண்ணிட்டு போய்க்கிட்டே இருப்பான்."

"பைபாஸா? எங்க மச்சானுக்குப் போன மாசம்தான் பண்ணாங்க" என்றார் வாத்தியார்.

"அது இம்மொபிலைசரா நெபுலைசரா?" என்று நானும் கேட்டு வைத்தேன். வீட்டில் பேரனுக்கு இருமல் வந்தால் மூக்கில் வைத்துப் புகை விடும் மிஷின் ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசியில் இரண்டு பொருள் வாங்குவதென்று முடிவானது. ஒன்று, ஸ்டியரிங்கையும் கிளட்ச் பெடலையும் சேர்த்துப் பூட்டும் இரும்புக் கம்பி. இன்னொன்று ஜிபிஎஸ் கருவி. இரண்டும் ஆன்லைனில் வாங்கியவை. குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் எந்த கம்பெனியின் பேரும் போடவில்லை.

ஜிபிஎஸ் பார்சல் வந்த அன்று செட்டு வாட்ஸப்பில் இரண்டே வரி எழுதினேன்: "ஜிபிஎஸ் வந்துவிட்டது. நாளை மாலை டீக்கடைக்கு வரமாட்டேன்." தமிழில் எழுதியதுதான் வினை. அப்போது புனேயில் கியான் பாரே என்ற நரம்பு நோய் பரவிய சமயம். பேப்பரில் தினமும் 'ஜிபிஎஸ் பாதிப்பு' என்று செய்தி. இங்கிலீஷில் இரண்டுக்கும் நடு எழுத்து வேறு, தமிழில் ஒன்றேதான். வாத்தியாரின் மகள் வேறு புனேயில் வேலை பார்க்கிறாள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று தினமும் போன் போட்டு அவளைப் படுத்திக்கொண்டிருந்த மனிதர்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஆறு சாத்துக்குடியும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வந்து நின்றார். நான் ஈஸிசேரில் கால் நீட்டியிருந்தேன்.

"எந்தக் கால்ல ஆரம்பிச்சுது?"

"கால்ல எதுக்கு சார்? பேட்டரியில இருந்து ஒயர் இழுப்பாங்க."

"பேட்டரியா? அப்ப பேஸ்மேக்கரா?"

"டேஷ்போர்டுக்கு அடியில வெச்சுடுவாங்க, வெளிய தெரியாது."

மனிதர் முகம் வெளுத்துவிட்டது. என் நெஞ்சைப் பார்க்கிறார், வயிற்றைப் பார்க்கிறார். "செலவு எவ்வளவு ஆகும்னு சொன்னாங்க?" என்றார், குரல் இறங்கி. "3,200. ஒரு வருஷ சிம்மோட சேர்த்து" என்றதும்தான் மூச்சு வந்தது. ஹார்லிக்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாத்துக்குடி மட்டும் மிச்சம்.

மறுநாள் மருந்துக்கடைக்காரர் வகுப்பு எடுத்தார். கியான், பாரே, ஸ்ட்ரோல் என்று மூன்று பிரெஞ்சு டாக்டர்கள் 1916இல் எழுதி வைத்த நோய் அது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தாக்கும், பெரும்பாலும் காலில் மரத்துப்போய் ஆரம்பித்து மேலே ஏறும். மூன்றாமவர் பேர் நாளடைவில் விழுந்துவிட்டது. "கூட இருந்து உழைச்சவன் பேருதான் எப்பவும் போகும்" என்றார் மெக்கானிக் தம்பி, என்னைப் பார்த்து. பழைய பாக்கி ஒன்று இருக்கிறது.

சரி, பொருளுக்கு வருகிறேன்.

நான் முதலில் வாங்கியது ஓபிடி பிளக்கில், அதாவது ஒர்க்‌ஷாப்பில் வண்டியின் கோளாறு பார்க்க மிஷினை மாட்டும் பிளக்கில், சொருகும் ரகம். ஒயர் வேலை இல்லை, நீங்களே மாட்டலாம் என்று விளம்பரம். ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு அரைமணி நேரம் தேடினேன். என் வண்டியில் அந்த பிளக்கே இல்லை. இவ்வளவு பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவும். திருப்பி அனுப்பிவிட்டு ஒயர் ரகம் வாங்கினேன். வாட்ஸப்பில் நான் எழுதியது இந்த இரண்டாவது பார்சலைத்தான்.

பாலக்கரையில் காருக்கு வேண்டிய சாமான் விற்கும் ஒரு கடையில் பொருத்தினேன். கூலி 400. தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து நாலு ஒயர்: பேட்டரிக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று, சாவி போட்டால் கரண்ட் வருவதற்கு ஒன்று, அப்புறம் ரிலேவுக்கு ஒன்று. இந்த ரிலேதான் விசேஷம். போனில் பட்டனை அழுத்தினால் பெட்ரோல் பம்புக்குப் போகும் கரண்டை அது வெட்டிவிடும். ஒயரை வெட்டும்போது கடைப் பையன் 'இந்த ஈசியூ பக்கம் கை வைக்காதே' என்று இன்னொரு பையனிடம் சொன்னான். ஈசியூ என்பது இன்ஜினை நடத்தும் குட்டிக் கம்ப்யூட்டர். கூட வந்த வாத்தியார் என் காதில், "ஐசியூ வரைக்கும் போயிடுச்சா?" என்றார். வேண்டுமென்றே கேட்டதுதான். அதற்குப் பிறகு இந்த விளையாட்டை அவர் விடவே இல்லை.

அன்று மாலைப் பேச்சில்தான் அந்த பட்டனுக்குப் பேர் கிடைத்தது. ஹார்ட் அட்டாக்கும் கார்டியாக் அரெஸ்ட்டும் ஒன்றா என்று யாரோ கேட்க, மருந்துக்கடைக்காரர், "ஒன்னு இல்ல. அட்டாக்னா இதயத்துக்கு ரத்தம் போற குழாய்ல அடைப்பு, ஆள் பேசிக்கிட்டுகூட இருப்பான். அரெஸ்ட்னா துடிப்பே நின்னு போறது, கரண்ட் சமாச்சாரம்" என்றார். மெக்கானிக் தம்பி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப பெட்ரோல் லைன்ல அடைப்புன்னா அட்டாக்கு, கரண்ட் கட்டானா அரெஸ்ட்டு. அண்ணன் வண்டியில வெச்சிருக்கறது கார்-டியாக் அரெஸ்ட் பட்டன்." இத்தனை வருடம் எந்த டாக்டர் சொல்லியும் ஏறாதது அன்று ஏறியது.

அரெஸ்ட் பட்டன் வேலை செய்கிறதா? நின்ற வண்டியில் பத்துத் தடவை சோதித்தேன். எட்டுத் தடவை கால் நிமிடத்துக்குள் வேலை செய்தது. இரண்டு தடவை 'முயற்சி தோல்வி' என்று காட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதுவாகவே வெட்டியது. ஓடும் வண்டியில் வேகம் இருபதுக்குக் கீழே வந்தால்தான் வெட்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. அது நல்ல ஏற்பாடு. பாலத்தில் எண்பதில் போகிறவனை நிறுத்தினால் பின்னால் வரும் பஸ்காரன் கதி என்ன ஆவது?

இடம் காட்டுவதில் குறை உண்டு. திறந்த ரோட்டில் துல்லியம். என் தெருவில் மாடி வீடுகளுக்கு நடுவே தடுமாறுகிறது. முதல் வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு போன் அலறியது. 'உங்கள் வண்டி நகர்கிறது.' வரைபடத்தில் என் 800 உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கு நடுவில் மிதந்துகொண்டிருந்தது. லுங்கியோடு ஓடினேன். வேப்பமரத்தடியில் பனி படிந்து அசையாமல் நிற்கிறது, மேலே ஒரு பூனை. இப்படி அந்த மாதம் மட்டும் ஐந்து ராத்திரி. வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்தால் ரீஸ்டார்ட் பண்ணுங்க சார் என்பார்கள். எதை என்று கேட்டால் பதில் இல்லை. கடைசியில் அதிர்வு எச்சரிக்கையின் அளவை நடுவிலிருந்து குறைவுக்கு இறக்கி, மெக்கானிக் தம்பிதான் சரி செய்தார். அதற்கப்புறம் பூனைக்கெல்லாம் கூவுவதில்லை.

பேட்டரியையும் மெல்லக் குடிக்கிறது. தினமும் ஓட்டினால் தெரியாது. ஊருக்குப் போய் பன்னிரண்டு நாள் கழித்து வந்தபோது, என் மூன்று வருடப் பேட்டரியில் செல்ஃப் முனகியதோடு சரி. தள்ளித்தான் கிளப்பினோம்.

இப்போது பூட்டு. இதைப் பற்றி எழுதக் குறைவாகத்தான் இருக்கிறது, அதுவே அதன் பெருமை. மஞ்சள் பெயின்ட் அடித்த கனமான கம்பி. ஒரு கொக்கி ஸ்டியரிங்கில், ஒரு கொக்கி கிளட்ச் பெடலில். பூட்டினால் ஸ்டியரிங்கையும் முழுசாகத் திருப்ப முடியாது, கிளட்சையும் மிதிக்க முடியாது. சாவி துளைச்சாவி வகை, மூன்று கொடுத்தார்கள். மழைக்காலத்தில் பூட்டின் வாய் இறுகும், தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். ஸ்டியரிங்கில் தேய்க்கும் இடத்தில் ரப்பர் உறை ஆறாம் மாதமே பிய்ந்துவிட்டது, பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறேன். இரும்பை அறுக்க வேண்டாம், ஸ்டியரிங் வளையத்தை அறுத்தாலே பூட்டு கழன்றுவிடும் என்று மெக்கானிக் தம்பி வயிற்றைக் கலக்கினார். உண்மைதான். ஆனால் பக்கத்தில் பூட்டில்லாத வண்டி நிற்கும்போது எவனும் என் தெருவில் ரம்பம் போட்டுக்கொண்டு உட்காரமாட்டான் என்று நினைக்கிறேன். கண்ணாடி வழியாகப் பார்த்ததும் மஞ்சள் தெரிகிறது. ஜிபிஎஸ் இருப்பது திருடனுக்கு எப்படித் தெரியும்? அது போனபிறகு தேடத்தான். இது போகாமல் இருக்க.

இன்னொரு விஷயம். என்னைப் போல மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் போட்டிருந்தால் வண்டி திருடு போனால் ஒரு பைசா வராது. சொந்த சேதத்துக்கும் சேர்த்துப் போட்டவர்களுக்குத்தான் அது. அவர்களிடமும் இரண்டு சாவியையும் கேட்பார்கள், உபரிச் சாவியைத் தொலைத்தவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். வண்டிகளையும் அதன் சாமான்களையும் சோதித்துப் பார்க்கும் ஏஆர்ஏஐ அமைப்பின் சான்று பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி என்றால் சொந்த சேத பிரீமியத்தில் இரண்டரை சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி உண்டு. நான் வாங்கிய இரண்டுக்கும் அந்தச் சான்று இல்லை.

போன ஆடி வெள்ளியன்று சமயபுரம் போயிருந்தோம். தரிசனம் முடிந்து வந்து சாவியைத் திருகினால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. மெக்கானிக் தம்பிக்கு போன் போட்டேன். பம்ப் சத்தம் கேட்குதா என்றார், இல்லை என்றேன். பம்ப் போயிருக்கும், நான் வர்றேன் என்று புதுப் பம்ப்பையும் தூக்கிக்கொண்டு பைக்கில் கிளம்பிவிட்டார். ஒரு மணி நேரம் வெயிலில். வந்து சீட்டைத் தூக்கப் போனவர் என்ன தோன்றியதோ, "அண்ணே, போனைக் குடுங்க" என்றார்.

ஆப்பில் பட்டன் சிவப்பாக இருந்தது. வரிசையில் நிற்கும்போது போரடிக்கிறது என்று பேரன் என் போனை வாங்கி விளையாடியிருக்கிறான். கேட்டால், "சிவப்பா மாறுச்சு தாத்தா, நல்லா இருந்துச்சு" என்கிறான். பச்சை ஆக்கினோம், வண்டி ஒரே திருகில் பிடித்தது. பெட்ரோலுக்கும் ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்து 500 ரூபாய் வாங்கிக்கொண்டார் தம்பி, பழைய பாக்கியோடு. அன்று மாலை டீக்கடையில் வாத்தியார் விசாரித்தது ஒன்றே ஒன்றுதான்: "அரெஸ்ட்டுன்னு சொன்னாங்களே, ஜாமீன் கிடைச்சுதா?"

இந்த மாதம் சிம் புதுப்பிக்க 1,200 கேட்டு மெசேஜ் வந்திருக்கிறது. பூட்டுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், ரப்பர் உறைக்காக அரை குறைத்தேன். ஜிபிஎஸ்ஸுக்கு மூன்று. பணம் கட்டுவதாகத்தான் இருக்கிறேன், ஆப்புக்கு ரகசிய எண் போட்ட பிறகு.